தொல்காப்பியப் பொருளதிகாரத்தைத் தனியாகப் படிக்கலாமா, வகுப்பில் சேர்ந்து படிப்பது நல்லதா?

சேர்ந்து படியுங்கள். இரண்டு விதமாகவும் படித்தவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

கல்லூரியில், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் அதன் மெய்ப்பாட்டியல் எனக்கு வெறும் பட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று 8, ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு, ஆக 32. மனப்பாடம் செய்தேன், எழுதினேன், மறந்தேன்.

பல வருடம் கழித்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் நடந்த வகுப்பில் சேர்ந்தேன். ஒன்பது பேர். மெய்ப்பாட்டியலில் 27 நூற்பாக்கள், அதாவது சூத்திரங்கள்தான். எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிப்பார், இன்னொருவர் பதம் பிரிப்பார். முதலில் பழைய உரையாசிரியர் இளம்பூரணரின் உரை, பிறகு பேராசிரியர் என்றே பெயர் பெற்ற இன்னொரு பழைய உரையாசிரியரின் உரை. அதன்பின் அவரவர் தேடி வந்த சங்கப் பாட்டில் நூற்பாவைப் பொருத்திப் பார்ப்போம்.

‘இளிவே இழவே அசைவே வறுமை’ என்று அழுகைக்குரிய நான்கையும் எடுத்துக்கொண்ட நாள் இன்னும் நினைவிருக்கிறது. தந்தை பாரியையும் அவர் ஆண்ட பறம்புக் குன்றையும் பகைவரிடம் இழந்த பாரி மகளிரின் ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்’ என்ற புறநானூற்றுப் பாட்டை ஒருவர் கொண்டு வந்திருந்தார். அப்பாவை இழந்த பெண்கள் பாடியது, ஆகவே இழவு என்று நான் முடித்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த அக்கா விடவில்லை. “ஊர் வீட்டை வித்துட்டு வாடகை வீட்டுக்கு வந்த அன்னைக்கு எங்கம்மா அழுதாங்க தம்பி. யாரும் சாகல. அது வேற அழுகை” என்றார். அசைவு என்பதற்குப் பேராசிரியர் என்ன சொல்கிறார் என்று மறுபடி புரட்டினோம்: பண்டை நிலைமை கெட்டு, வேறொரு நிலையில் கிடந்து வருந்துவது. இன்னொருவர் மறுத்தார்; இன்பம் தரும் நுகர்பொருளை இழப்பதையும் இழவில்தானே அவர் சேர்க்கிறார், குன்று அதில் அடங்காதா என்றார். அரை மணி நேரம் வாதம். ஐயா தீர்ப்புச் சொல்லவில்லை. பாட்டை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

வாசித்தபோதுதான் கண்ணில் பட்டது. அற்றைத் திங்கள், இற்றைத் திங்கள். அதே நிலா, அன்று தந்தையும் குன்றும் இருந்தன, இன்று இரண்டும் இல்லை. பண்டை நிலையையும் இன்றைய நிலையையும் அருகருகே வைத்துத்தான் அந்தப் பாட்டே கட்டப்பட்டிருக்கிறது. தனியாக இருந்திருந்தால் ‘இழவு’ என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் கணக்கே போட்டுத் தந்திருக்கிறார்: ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் சேரும், ‘அவ்வினை யாளரொடு பயில்வகை ஒருகால்’, அதாவது உடன் கற்பவரோடு பழகி இன்னொரு கால், மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வரும். ஒருவரே பேசி மற்றவர் குறிப்பெடுக்கும் வகுப்புக்கும் நான் போயிருக்கிறேன். அந்த முதல் காலைத் தாண்டவில்லை.

பெரிய கூட்டம் தேவையில்லை, நாலு பேர் போதும். மெய்ப்பாட்டியலில் தொடங்குவதானால் ‘பண்ணைத் தோன்றிய’ என்ற முதல் நூற்பாவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். உரையாசிரியர்களே அதை விளக்க நிறைய உழைத்திருக்கிறார்கள். மூன்றாவதான ‘நகையே அழுகை’யில் ஆரம்பித்து, எட்டையும் முடித்த பிறகு அதற்குத் திரும்பி வாருங்கள்.