‘அருகுதல்’ என்பதன் பொருளும் வழக்கும்

‘அருகிவரும் உயிரினங்கள்’ என்பதில் உள்ள ‘அருகி’, பக்கத்தைக் குறிக்கும் ‘அருகில்’ என்பதோடு தொடர்புடையதா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே அது ‘அருகு’ என்னும் வினையடியாகப் பிறந்த எச்சம். சிறிது சிறிதாகக் குறைந்து அரிதாதல் என்பதே அதன் பொருள்.

குறைதல் ஒரே நாளிலும் நிகழலாம். அருகுதலோ, ஒரு காலத்தில் பரவலாக இருந்த ஒன்று, முற்றிலும் அழிந்துவிடாமல், காண்பதற்கே அரிதாகும் அளவுக்கு மெல்ல மெல்லச் சுருங்குவதைச் சுட்டும். ஆகவே விலையோ காய்ச்சலோ குறையும், அருகாது. காடுகளும் கலைகளும் பழக்கங்களும் அருகும். நீர்நிலைக்கு ‘வற்றுதல்’, நிலவுக்குத் ‘தேய்தல்’ என்பனவே இயல்பானவை.

இலக்கண நூல்களில் வரும் ‘அருகி வழங்கும்’ என்பது மட்டும் சற்றே வேறானது: அங்கே படிப்படியான குறைவு கருதப்படுவதில்லை, அந்த வழக்கு சிறுபான்மை என்பதே கருத்து. ‘அருகிவிட்டது’ என்பதை ‘அழிந்துவிட்டது’ என்ற பொருளில் செய்திகளில் எழுதுவது பொருந்தாது.