பெட்டியிலேயே கிழவியான காலணி

கேள்வி: 2019இல் தள்ளுபடி விற்பனையில் 180 சிங்கப்பூர் வெள்ளிக்கு மலைநடைக் காலணி வாங்கினேன். பிறகு கோவிட் வந்தது, காலணி பெட்டியிலேயே கிடந்தது. வரும் செப்டம்பரில் ஸ்பெயினின் கமீனோ யாத்திரைப் பாதையில் நடக்கப் போகிறேன். பழக்கத்துக்காக அதைப் போட்டுக்கொண்டு பழைய ரயில் தடத்தை நடைபாதையாக்கிய ரயில் காரிடாரில் நடந்தேன். பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தைத் தாண்டுவதற்குள் அடிப்பாகம் பிளந்து வாய் திறந்துவிட்டது. பத்து முறைகூடப் போடாத காலணி. கடைக்காரர் கைவிரிக்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? – யீஷூன் வாசகர்

பதில்: கேட்கலாம், கிடைக்காது. பழுதான பொருளை வாங்கியவர்களைக் காக்க 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன்’ சட்டப்படி, பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அந்தக் குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். ஆறு மாதம் கடந்துவிட்டால் அந்தச் சுமை உங்கள் தோளுக்கு வரும். இத்தனை ஆண்டு கழித்து அதை நிரூபிப்பது நடக்கிற காரியமில்லை.

உங்கள் மேலும் தப்பில்லை. இப்படிப்பட்ட காலணிகள் பலவற்றின் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரை. காற்றில் உள்ள ஈரம் அதை மெல்ல மெல்ல உடைக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் உடையும். நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீவக அடுக்குமாடி வீட்டின் காலணி அலமாரி அதற்கு ஒரு வேக அடுப்பு. பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியில் பூட்டி வைத்த காலணி, அங்கேயே கிழவியாகிவிடுகிறது.

ஆகவே பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் புதிதாக வாங்குங்கள். பழகுவதற்கு அந்த அவகாசம் போதும். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பாயாதீர்கள். எப்போது தயாரித்தது என்று முதலில் கேளுங்கள். கடைக்கு மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போங்கள். நடக்கும்போது போடப்போகும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். கமீனோவில் பெரும்பகுதி கிராமச் சாலையும் சரளைப் பாதையும்தான். கனத்த பூட்ஸ் தேவையில்லை, தடித்த அடிப்பாகமுள்ள ஓட்டக் காலணியே போதும் என்பது என் கட்சி. என் கணவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: அதே கமீனோ, முழுப் பாதை, 780 கிலோமீட்டர். ஆல்பெர்கே எனப்படும் யாத்ரிகர் விடுதிகளில் குறைந்த செலவில் தங்கலாம் என்கிறார்கள். 35 நாளுக்கு ஒரு நாளைக்கு 35 யூரோ வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். நடுவில் பம்ப்லோனா, புர்கோஸ், லியோன் நகரங்களில் ஒவ்வொரு நாள் ஓய்வு. சரியாக வருமா அக்கா? – தெம்பனீஸ் வாசகி

பதில்: நடக்கும் நாட்களுக்குச் சரி. இடிப்பது ஓய்வு நாள்தான்.

நடக்கும் நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். இருட்டு விலகுமுன் கிளம்பி, மதியம் ஒன்று இரண்டு மணிக்குள் 20, 25 கிலோமீட்டர் முடித்து, கட்டிலைப் பிடித்து, குளித்து, காலுறையைச் சோப்புப் போட்டு அலசிக் கயிற்றில் காயப்போடுவது. காயவில்லையென்றால் மறுநாள் பையின் பின்னால் ஊக்கு குத்தித் தொங்கவிட்டபடி நடப்பது. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். இதில் செலவு என்று பார்த்தால் கட்டில், இரண்டு காப்பி, ஒரு முட்டை உருளைக்கிழங்கு ஆம்லெட், ஒரு சாப்பாடு.

ஓய்வு நாளில் நிலைமை வேறு. பெரும்பாலான யாத்ரிகர் விடுதிகளில் ஒரே இரவுதான் தங்க விடுவார்கள். உடம்பு சரியில்லையென்றால்தான் விலக்கு. காலை எட்டு மணிக்கெல்லாம் பையோடு வெளியே வந்துவிட வேண்டும். ஆக, ஓய்வெடுக்கத் தனி அறை எடுத்தாகவேண்டும். புர்கோஸில் நான் அதைத் தெரியாமல் பேராலய வாசலில் பையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்துவிட்டு, பதினோரு மணிக்கு முதலில் கண்ணில் பட்ட ஓட்டலுக்குள் நுழைந்தேன். அந்த ஒரு இரவுக்குக் கொடுத்தது விடுதிக் கட்டில் ஆறு நாளைக்குத் தாங்கும். போதாததற்குத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குச் சில்லறை, மருந்தகத்தில் கொப்புளத்துக்கு ஒட்டு, நாக்கு கேட்டதற்கெல்லாம் ஐஸ்கிரீம்.

அந்த மூன்று ஓய்வு நாளுக்கு மட்டும் நாளுக்கு 100 யூரோ என்று தனியாக எடுத்து வையுங்கள், அறையை இரண்டு நாள் முன்னால் பதிவு செய்யுங்கள். ஓய்வு ஞாயிற்றுக்கிழமையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பல பேரங்காடிகள் பூட்டியிருக்கும், மற்ற நாளிலும் சின்னக் கடைகள் மதியம் கதவைச் சாத்திவிடும். நள்ளிரவிலும் கடை திறந்திருக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அது உறைப்பதே இல்லை.

பணம் எடுக்கும் இயந்திரம் “சிங்கப்பூர் வெள்ளியில் கணக்குப் பார்க்கட்டுமா?” என்று அன்போடு கேட்கும். வேண்டாம் என்று யூரோவையே அழுத்துங்கள். அந்த அன்புக்கு மாற்று விகிதத்தில் தனியாக வசூலிப்பார்கள்.

கேள்வி: விரைவாகக் காயும் துண்டு 40 வெள்ளி, பவர் பேங்க், பருப்புப்பொடி, நெய். கமீனோவுக்கு எதை எடுத்துப்போவது, எதை விடுவது? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: துண்டுக்கு 40 வெள்ளி வேண்டாம். லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் ஐந்தாறு வெள்ளிக்கு ஈரிழைத் துண்டு கிடைக்கும். எடையே இல்லை, அரை மணி வெயிலில் காய்ந்துவிடும், கழுத்துக்கும் தலைக்கும் கட்டிக்கொள்ளலாம்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போகவேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால் சுமார் 74 வாட் மணி. விமானத்தில் விடும் 100 வாட் மணிக்குள் இருப்பதால் தடையில்லை. ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் அதை வைத்துக் கைப்பேசிக்கு மின்னேற்ற முடியாது. ஸ்பெயினில் செருகி இரண்டு உருண்டைக் கால் கொண்டது, மாற்றுச் செருகி ஒன்று வாங்குங்கள். மின்னழுத்தம் நம்முடையதுதான்.

பருப்புப்பொடி தாராளமாக எடுத்துப்போங்கள். பல விடுதிகளில் சமையலறை உண்டு, அரிசி எந்தக் கடையிலும் கிடைக்கும். நெய்யை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கையில் கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றியம் விடாது. அங்கே ஆலிவ் எண்ணெய் இருக்கிறது. பருப்புப்பொடிக்கு அதுவும் மோசமில்லை, இரண்டாவது வாரத்தில் நாக்கு பழகிவிடும்.