மூலிகை கேப்சூல் ஒன்றே கல்லீரலையும் எலும்பையும் காக்குமா?

கேள்வி: எனக்கு வயது 57. மாதவிடாய் நின்று 7 ஆண்டுகள் ஆகின்றன. கல்லீரலில் இரண்டாம் நிலைக் கொழுப்பு இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 2.1. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் பயோகிளிட்டசோனும் சாப்பிடுகிறேன். கல்லீரல் கொழுப்பால்தான் எலும்பு தேய்கிறது, மஞ்சளில் உள்ள குர்குமின் போன்ற தாவரப் பொருட்கள் இரண்டையும் சரிசெய்யும் என்று படித்தேன். மிளகின் பைப்பரின் சேர்த்த குர்குமின் கேப்சூல் வாங்கி வைத்திருக்கிறேன். சாப்பிடலாமா?

பதில்: கேப்சூல் புட்டி அப்படியே இருக்கட்டும். திறக்க வேண்டாம்.

நீங்கள் படித்ததில் முதல் பாதியில் உண்மை இருக்கிறது. தோலில் உருவாகும் வைட்டமின் டி நேராக வேலைக்கு வந்துவிடாது. முதலில் கல்லீரலிலும் அப்புறம் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற வேண்டும். எலும்பு கட்டும் செல்களைத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனின் பெரும்பங்கும் கல்லீரலில்தான் சுரக்கிறது. கொழுப்பு படிந்து அழற்சியும் சேர்ந்துவிட்டால், டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் இரத்தத்தில் கூடும். இவை எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை முடுக்கிவிடும்.

ஆனால் எலும்பு அடர்த்தி இயல்பைவிடக் குறைந்திருப்பதைக் காட்டும் உங்கள் மைனஸ் 2.1-க்குக் கல்லீரலை முதல் குற்றவாளியாக்க மாட்டேன். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதே பெரிய காரணம். நீங்கள் போகிறபோக்கில் சொன்ன பயோகிளிட்டசோனும் எனக்கு உறுத்துகிறது. எலும்பு மஜ்ஜையில் உள்ள மூலச்செல்கள் எலும்பு கட்டும் செல்லாகவும் மாறலாம், கொழுப்புச் செல்லாகவும் மாறலாம். இந்த மாத்திரை அவற்றைக் கொழுப்புப் பக்கம் திருப்பிவிடுகிறது. இதைச் சாப்பிடும் பெண்களுக்கு எலும்பு முறிவு கூடுவது தெரிந்த விஷயம். வேடிக்கை என்னவென்றால், கல்லீரல் கொழுப்புக்கும் இது நல்ல பலன் தருகிறது, அதற்காகவே சிலருக்கு எழுதிக் கொடுக்கிறோம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டெக்ஸா அறிக்கையைக் காட்டி, “என் எலும்புக்கு இது ஒத்துவருமா, வேறு மருந்து இருக்கிறதா?” என்று உங்கள் சர்க்கரை மருத்துவரைக் கேளுங்கள்.

சரி, தாவரப் பொருட்களுக்கு வருவோம். குர்குமின், ரெஸ்வெரட்ரால், குவெர்செட்டின், பெர்பெரின், இக்காரின் என்று பட்டியல் நீளம். அழற்சியைத் தணிப்பது, ஆஸ்டியோகிளாஸ்டை அடக்குவது என இவற்றைப் பற்றிச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி, ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் பார்த்தது. மனிதர்களிடம் கிடைத்த நல்ல செய்தியும் இல்லாமல் இல்லை. சோயாவில் உள்ள ஜெனிஸ்டீனைத் தினமும் 54 மில்லிகிராம் வீதம் 2 ஆண்டுகள் கொடுத்த இத்தாலிய ஆய்வில் (2007), மாதவிடாய் நின்று எலும்பு அடர்த்தி குறைந்திருந்த பெண்களுக்கு அடர்த்தி கூடியது. ஆனால் அது கல்லீரல் கொழுப்பு உள்ளவர்களுக்காக நடத்திய ஆய்வு அல்ல. அதே குடும்பத்து வேதிப்பொருளைச் சற்றே மாற்றி ‘இப்ரிஃபிளேவோன்’ என்று மாத்திரை செய்தார்கள். அதை 474 பெண்களிடம் 3 ஆண்டுகள் சோதித்து 2001-இல் முடிவு வெளியானபோது, எலும்புக்கு லாபம் எதுவுமில்லை, சிலருக்கு இரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன. ரெஸ்வெரட்ராலின் கதை இன்னும் குழப்பம். சிறிய அளவில் எலும்புக்கு ஓரளவு உதவுவதாக ஆய்வு உண்டு. கல்லீரல் கொழுப்பு உள்ள ஆண்களுக்கு 8 வாரம் தினமும் 3000 மில்லிகிராம் கொடுத்தபோதோ, கொழுப்பு குறையவில்லை, கல்லீரல் என்சைம்கள்தான் ஏறின. இரண்டு நோயும் உள்ளவர்களுக்கு எலும்பு முறிவைக் குறைக்கும் மருந்து என்று ஏற்கப்பட்ட தாவரப் பொருள் இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

உங்கள் கேப்சூலை நான் தடுப்பதற்குக் காரணம் வேறு. குர்குமின் குடலில் எளிதில் உறிஞ்சப்படாது. அதற்காகத்தான் பைப்பரின் சேர்க்கிறார்கள். 1998-இல் வந்த ஓர் ஆய்வில், பைப்பரின் சேர்ந்ததும் இரத்தத்துக்குக் கிடைக்கும் குர்குமின் சுமார் 20 மடங்கானது. விளம்பரத்தில் இது பெருமையாக இருக்கும். கல்லீரலுக்கு அப்படி அல்ல. மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டுக் கடுமையான கல்லீரல் பாதிப்போடு வந்தவர்களைப் பற்றிய பதிவுகள் அண்மை ஆண்டுகளில் சேர்ந்துகொண்டே வருகின்றன. அவற்றில் பல, பைப்பரின் கலந்த வகை. ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றும் தெரிகிறது. பைப்பரின் மற்ற மருந்துகளின் சிதைவையும் மெதுவாக்கும். சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை, அதைத் தாராளமாகத் தொடரலாம். கிரீன் டீ சாற்று மாத்திரைக்கும் இதே எச்சரிக்கைதான்.

பிறகு என்ன செய்வது? உடல் எடை கூடுதலாக இருந்தால் 7 முதல் 10 சதவீதம் குறைப்பதற்கு ஈடான கல்லீரல் மருந்து உங்கள் நிலையில் இல்லை. ஆனால் அவசரப்படாதீர்கள். பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் எடையோடு எலும்பும் கரையும். மாதக்கணக்கில் மெதுவாக, போதிய புரதத்தோடு, வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியோடு குறைக்க வேண்டும். நடைப்பயிற்சி மட்டும் போதாது. வைட்டமின் டி அளவைப் பாருங்கள். ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற கல்லீரல் என்சைம்கள், இரத்தத்தின் பிளேட்லெட் எண்ணிக்கை, வயது ஆகியவற்றை வைத்து ஃபிப்-4 கணக்குப் போட்டால் கல்லீரலில் தழும்பு இருக்க வாய்ப்புண்டா என்று தெரியும். எலும்புக்கு ஃப்ராக்ஸ் கணக்கு, அடுத்த 10 ஆண்டுகளில் முறிவு எவ்வளவு சாத்தியம் என்று காட்டும். அது அதிகமாக வந்தால் அலென்ட்ரோனேட் போன்ற எலும்புத் தேய்வு மருந்து தேவைப்படலாம். கல்லீரல் கொழுப்பு அதற்குத் தடை இல்லை. கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிர்ரோசிஸ் முற்றி உணவுக்குழாயில் இரத்தக் குழாய்கள் புடைத்திருந்தால் மட்டும் மாத்திரையைத் தவிர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசியை யோசிப்போம்.

ஒருவேளை ஏற்கெனவே சில நாள் அந்த கேப்சூலைச் சாப்பிட்டிருந்தால் பயப்பட வேண்டாம், நிறுத்தினால் போதும். சிறுநீர் கருமஞ்சளாகப் போவது, கண் மஞ்சளாவது, உடம்பு அரிப்பு, காரணமில்லாத அசதி, குமட்டல் இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே கல்லீரல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். போகும்போது அந்தப் புட்டியையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.