போட்டோவ அடுக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது? பேரு எங்க பதியுதுன்னு பாத்து எடுங்க

பாம்பன்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு: "அண்ணே, 2017-ல இருந்து கேமரா வச்சிருக்கேன். கல்யாண ஆர்டர், பறவை, ஊர்த் திருவிழா, தனுஷ்கோடியில இருந்தப்ப தாத்தா எடுத்து வச்ச பழைய படத்த ஸ்கேன் பண்ணதுன்னு எல்லாம் சேத்து 45,000 போட்டோ ஆயிருச்சு. ரெண்டு ஹார்டு டிஸ்க், ஒரு விண்டோஸ் லேப்டாப், போன்னு சிதறிக் கிடக்கு, கூகுள்ல 15 ஜிபி ரொம்பிருச்சு. போன சீசன்ல எடுத்த பூநாரை படத்த ஒருத்தர் கேட்டாரு, தேடிக் குடுக்க ரெண்டு நாள் ஆச்சு. மாசாமாசம் காசு கட்டி லைட்ரூம் போடவா, இல்ல சும்மா கிடைக்கிறதே போதுமா?"

தம்பி, உங்களுக்கு டிஜிகேம்னு ஒரு போட்டோ அடுக்குற சாஃப்ட்வேர் இருக்கு, அதுவே போதும். காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். ஆனா ஏன் இத சொல்றேன்னு தெரிஞ்சுக்கிட்டு போடுங்க, நாளைக்கு வேற ஒண்ணுக்கு மாறணும்னாலும் அப்பதான் பயமில்லாம மாற முடியும்.

நான் முன்னாடி வேற ஒரு சாஃப்ட்வேர் வச்சிருந்தேன், பாக்க அழகா இருக்கும், நாலு வருசமா கரைவலை இழுக்கிறவங்க, பாசி எடுக்கப் போற அக்காமாருங்கன்னு ஒவ்வொருத்தர் முகத்துலயும் பேரு போட்டு வச்சேன். கச்சான் காத்து உப்புல லேப்டாப் போர்டு அரிச்சுப் போச்சு. போட்டோ எல்லாம் வெளி டிஸ்க்ல பத்திரமா இருந்துச்சு, ஆனா பேரு ஒண்ணு கூட இல்ல, ஏன்னா பேரெல்லாம் அந்த சாஃப்ட்வேரோட சொந்த டேட்டாபேஸ்லதான் இருந்துருக்கு, போட்டோ ஃபைலுக்குள்ள எதுவுமே எழுதல. மறுபடி ஊர் ஊரா போய் ஆளக் காட்டிக் கேட்டு எழுதினேன், அதுல ரெண்டு பேர் அதுக்குள்ள இறந்துட்டாங்க.

அதனால எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் நான் பாக்குறது, நான் போடுற டேக் (தேடுறதுக்கு ஒட்டுற சின்னப் பேரு), தலைப்பு, ஸ்டார் எல்லாம் போட்டோ ஃபைலுக்குள்ளயே பதியுதாங்கிறதுதான். அப்படிப் பதியிறதுக்கு எக்ஸ்எம்பின்னு ஒரு பொது முறை இருக்கு, எல்லா நல்ல சாஃப்ட்வேரும் அதப் படிக்கும். சாஃப்ட்வேர் நம்மளோட கடைசி வரைக்கும் வராது தம்பி. பிகாசாவ ஊரே வச்சிருந்துச்சு, 2016-ல கூகுள் நிறுத்திருச்சு. கூகுள் போட்டோஸ்ல கணக்கில்லாம ஏத்திக்கலாம்னு இருந்தது 2021 ஜூன் 1-ஓட முடிஞ்சுச்சு.

லைட்ரூம் கிளாசிக் மோசம்னு சொல்ல மாட்டேன். ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாம அப்படியே குடுக்குற ஃபைல்) கலர் பாக்குறதும் அடுக்குறதும் ஒரே இடத்துல முடியும், கல்யாண ஆர்டர் மாசத்துக்கு நாலஞ்சு வந்தா அந்தக் காசு உங்களுக்குப் பெருசா தெரியாது. ஆனா அதுலயும் எல்லாம் முதல்ல கேட்டலாக்குன்னு அதோட சொந்த டேட்டாபேஸ்லதான் போய் உக்காரும், கேட்டலாக் செட்டிங்ல போய் எக்ஸ்எம்பில தானா எழுதுன்னு டிக் போடணும், போட்டாலும் கலெக்‌ஷன்னு நீங்க பிரிச்சு வைக்கிறது ஃபைலுக்குள்ள போகாது. காசு கட்டுறத நிறுத்தினா படத்தப் பாக்கலாம், வெளிய எடுக்கலாம், கலர் திருத்துற டெவலப் பகுதியும் மேப் பகுதியும் பூட்டிக்கும்.

டிஜிகேம் போடுறப்ப மொத தடவை டேட்டாபேஸ எங்க வைக்கன்னு கேக்கும், லேப்டாப் உள் டிஸ்க்லயே வைங்க, வெளி டிஸ்க்ல வச்சா நத்தையா ஊரும். ரெண்டு ஹார்டு டிஸ்க்கையும் கழட்டி மாட்டுற வகை கலெக்‌ஷன்னு சேருங்க, அப்புறம் டிஸ்க்க கழட்டினாலும் டேட்டாபேஸ்ல அதோட விவரம் அழியாது, டிஸ்க்க மாட்டிட்டு டேக்க வச்சுத் தேடலாம், ரெண்டு நாள் தேடுற வேலையே இருக்காது. அடுத்து மெட்டாடேட்டா (படத்தப் பத்தின விவரம்) செட்டிங்குக்குள்ள போய் டேக், தலைப்பு, ஸ்டார், முக டேக் நாலும் எழுதுற மாதிரி இருக்கான்னு கண்ணால பாத்துருங்க. ரா ஃபைலுக்கு மட்டும் பக்கத்துலயே தனி எக்ஸ்எம்பி ஃபைல் எழுதச் சொல்லுங்க. ஃபைல நகத்துறப்ப அதையும் சேத்து நகத்தணும், டிஜிகேம் உள்ள இருந்து நகத்தினா அதுவே பாத்துக்கும்.

முகம் கண்டுபிடிக்கிற வசதியும் இருக்கு. அதுக்கு ஒரு தடவை நெட்ல இருந்து ஃபைல் இறக்கும், அப்புறம் எல்லாம் உங்க லேப்டாப்லயேதான் நடக்கும். நம்ம பக்கம் கல்யாண வீட்டுப் பொம்பளைங்க படம் வெளிய போகக் கூடாதுன்னு சொல்லித்தான் ஆர்டரே குடுக்குறாங்க, அவங்களுக்கு நீங்க தைரியமா பதில் சொல்லலாம்.

டேக் தமிழ்லயே போடுங்க, ஆனா சின்னதா போடுங்க. போட்டோவுக்குள்ள விவரம் எழுதுற பழைய ஐபிடிசி முறையில ஒரு டேக்குக்கு 64 பைட்டுதான் இடம், தமிழ்ல ஒரு குறிக்கு 3 பைட் போகும், புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. "அரிச்சல்முனை பூநாரைக் கூட்டம்"னு ஒரே டேக்கா போட்டா 80 பைட்டத் தாண்டிரும், சில சாஃப்ட்வேர்ல பாதியில வெட்டுப்பட்டுத் தெரியும். அரிச்சல்முனை, பூநாரைன்னு ரெண்டா போட்டா தேடுறதும் சுலபம். பாம்பன் பாலத்துக்கு பழைய பாலம், புதுப் பாலம்னு இப்பவே பிரிச்சிருங்க, 1914 பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னுருச்சு, 2025 ஏப்ரல்ல புதுசு திறந்தாச்சு, பழைய பாலத்துல ரயில் போற படம் உங்ககிட்ட இருந்தா இனி எடுக்க முடியாத படம் அது.

ஃபோல்டருக்கு வருசம்-மாசம்-தேதி, பக்கத்துல ஊர், அவ்வளவு போதும். கேமரா படத்துக்குப் போடுற ஃபைல் நம்பர் 9999 வந்ததும் மறுபடி 0001-ல ஆரம்பிக்கும், ஒரே பேர்ல ரெண்டு படம் வந்து ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துராம ஏத்துறப்பவே தேதியோட பேரு மாத்துங்க. வாட்சப்ல வர்ற படத்துல எடுத்த தேதி அழிஞ்சிரும், டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

பேக்கப் மூணு காப்பி வேணும், அதுல ஒண்ணு கடக்கரைய விட்டுத் தள்ளி பரமக்குடியிலயோ மதுரையிலயோ சொந்தக்காரங்க வீட்ல இருக்கட்டும். வீட்ல இருக்கிற டிஸ்க்க சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு காத்துப் புகாத டப்பால வைங்க.

மொத்தத்தையும் ஏத்துறதுக்கு முன்னாடி 200 படத்த மட்டும் தனியா காப்பி எடுத்து அதுல டேக் போடுங்க, டிஜிகேம மூடிட்டு அதே படத்த எக்ஸ்என்வியூ எம்பி மாதிரி வேற ஒண்ணுல திறந்து உங்க தமிழ் டேக் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா மீதிய ஆரம்பிங்க, தெரியலைன்னா செட்டிங்ல எங்கயோ டிக் விட்டுப் போயிருக்கு.

ஆனா அந்த 45,000-ல முதல்ல கை வைக்க வேண்டியது தாத்தாவோட படத்துலதான். ஸ்கேனர் எல்லாத்துக்கும் ஸ்கேன் பண்ண தேதியதான் போட்டிருக்கும், அத டிஜிகேம்ல மொத்தமா மாத்திரலாம், சரியான தேதி தெரியாட்டி "1964 புயலுக்கு முன்னாடி"ன்னு தலைப்புல எழுதுனாலே போதும். வீட்ல அந்த முகங்கள அடையாளம் சொல்றவங்க யாரு இருக்காங்களோ அவங்கள லேப்டாப் முன்னாடி உக்கார வச்சு, இடது பக்கத்துல இருந்து வரிசையா யார் யாருன்னு கேட்டு அப்படியே டைப் பண்ணிருங்க.