எஸ்விஎன்-இலிருந்து கிட்டுக்கு மாறினால் ரெப்போ ஏன் ஊதிப்போகிறது?

கேள்வி: எங்கள் எஸ்விஎன் (சப்வெர்ஷன்) ரெப்போ, அதாவது கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம், சர்வரில் 4 ஜிபிதான். கிட்-எஸ்விஎன் என்ற கருவியை வைத்து கிட்டுக்கு மாற்றியதும் ஃபோல்டர் 11 ஜிபி காட்டுகிறது. முப்பதுக்கும் மேல் பிராஞ்ச்கள் (தனிக் கிளைகள்) உள்ளன. பழைய பிராஞ்ச்களை விட்டுவிட்டு மாற்றலாமா?

பதில்: விட வேண்டாம். இடத்தை அடைப்பது பிராஞ்ச்கள் அல்ல. கிட்டில் பிராஞ்ச் என்பது கடைசி கமிட்டின் (பதிவான மாற்றத்தின்) 40 எழுத்து ஹேஷை (அடையாளக் குறியை) வைத்திருக்கும் குட்டிக் கோப்பு, அவ்வளவுதான். ஒரே கோப்பு மாறாமல் முப்பது பிராஞ்சில் இருந்தாலும் ஒரு முறைதான் சேமிக்கப்படும்.

முதலில் டாட்-கிட் ஃபோல்டரை (கிட் தன் வரலாற்றை வைக்கும் இடம்) மட்டும் தனியாக அளந்து பாருங்கள். அது சிறியதாக இருந்து, வெளியே டிரங்க் (முக்கியக் கிளை), பிராஞ்சஸ், டேக்ஸ் (பதிப்புக் குறிகள்) என்று மூன்று ஃபோல்டர்கள் கிடந்தால் காரணம் தெரிந்துவிட்டது: இந்த மூன்றும் என்ன என்று கருவிக்குச் சொல்லும் எஸ்டிடி-லேஅவுட் ஆப்ஷன் கொடுக்காமல் குளோன் (முழு நகல்) செய்திருக்கிறீர்கள். எஸ்விஎன் சர்வரில் பிராஞ்ச் என்பது ஒரு ஃபோல்டர் நகல். அங்கே அது அநேகமாக இடமே பிடிக்காது. கிட்டுக்கு அது தெரியாது. சாதாரண ஃபோல்டர் என்று நினைத்து முப்பதையும் டேக்குகளையும் உங்கள் டிஸ்க்கில் விரித்து வைத்துவிடும். மறுபடி குளோன் செய்வதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

டாட்-கிட்டே பெரிதாக இருக்கிறதா? 'கிட் கவுண்ட்-ஆப்ஜெக்ட்ஸ்' கட்டளையை -வி சேர்த்து ஓட்டுங்கள். பேக் ஆகாத ஆப்ஜெக்ட்கள் (ஒன்றாகச் சேர்த்துச் சுருக்காத தரவுத் துண்டுகள்) நிறைய இருந்தால், ஒவ்வொரு பதிப்பும் முழுக் கோப்பாகவே கிடக்கிறது என்று பொருள். ரீபேக் செய்தால்தான் வித்தியாசம் மட்டும் மிஞ்சும். விண்டோ அளவு (ரீபேக்கில் ஒவ்வொன்றையும் எத்தனையோடு ஒப்பிடுவது என்பது) இயல்பில் 10; மாற்றம் முடிந்ததும் ஒரே ஒரு முறை 250 வைத்து, -எஃப் ஆப்ஷனுடன் ஓட்டலாம். மெமரியும் நேரமும் நன்றாகவே தின்னும், இரவில் விட்டுவிட்டுப் போங்கள்.

அப்புறம், டாட்-கிட்டுக்குள் எஸ்விஎன் என்றொரு ஃபோல்டர் இருக்கும். பழைய ரிவிஷன் எண்களின் கணக்கு அது. புதிதாக ஒரு குளோன் எடுத்தால் அது கூட வராது. ஆனால் கிட்-எஸ்விஎன் பிராஞ்ச்களை ரிமோட் பிராஞ்ச்களாகத்தான் (வெளிச் சர்வரின் கிளைகள் என்ற குறிப்பாகத்தான்) வைத்திருக்கும், டேக்குகளையும் அப்படியே. அவற்றை உள்ளூர் பிராஞ்ச், நிஜ டேக் என்று மாற்றாமல் குளோன் எடுத்தால் அவையும் கூட வராது. பலர் வழுக்கி விழும் இடம் இதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் குறையவில்லை என்றால் ஜார், ஜிப் கோப்புகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் பதிப்புகளுக்கிடையே டெல்டா (வித்தியாசம் மட்டும் சேமிப்பது) சரியாக அமையாது. 'கிட் ஃபில்டர்-ரெப்போ' கருவியின் அனலைஸ் ஆப்ஷன் எது எவ்வளவு என்று பட்டியல் தரும். அதை வைத்து வேண்டாததை வரலாற்றிலிருந்தே நீக்கலாம். கமிட் ஹேஷ்கள் எல்லாம் மாறிவிடும், அதனால் டீமுக்கு ரெப்போவைத் திறந்துவிடும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.