பரணில் ஆன்டெனா வைத்தால் எடுக்குமா? – கேள்வி பதில்

ராமநாதபுரத்தில் ரொம்ப காலம் ரேடியோ, டிவி பழுது பார்த்தவன் நான். கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சில.

கீழக்கரை: அண்ணே, எங்களுடையது ஓட்டு வீடு, மொட்டை மாடி கிடையாது. கொடைக்கானல் வானொலியின் கோடை எஃப்எம் இரைச்சலோடுதான் வருகிறது. பரணில் ஆன்டெனா வைத்தால் எடுக்குமா?

எடுக்கும் தம்பி. காய்ந்த ஓடு சிக்னலைப் பெரிதாகத் தடுக்காது, மழையில் நனைந்தால் கொஞ்சம் மங்கும். கோடை 100.5-க்கு 71 செ.மீ. அலுமினியக் குழாய் இரண்டு வெட்டு. ஒரே கோட்டில், நடுவே விரலளவு இடம் விட்டுப் பலகையில் பூட்டு. கேபிளின் நடுக்கம்பி ஒன்றுக்கு, சுற்றியுள்ள வலை மற்றதுக்கு. குழாய்களின் நுனி வடமேற்கே நீட்டக் கூடாது. நெடும்பக்கம்தான் அங்கே பார்க்கணும். கொடைக்கானல் அந்தப் பக்கம்தான், உனக்கு 170 கி.மீ.க்கு மேல். மலை உச்சியிலிருந்து வருவதால்தான் இவ்வளவு தூரம் எட்டுகிறது.

தங்கச்சிமடம்: தகரக் கொட்டகைக்குள் வைக்கலாமா?

வேண்டாம். தகரம் மொத்தத்தையும் மறைத்துவிடும். வெளியே மூங்கிலில் கட்டுங்கள், இடி மின்னல் நேரத்தில் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

பாம்பன்: வெளியே வைத்தது இரண்டே வருஷத்தில் செத்துவிட்டது. பக்கத்திலிருக்கும் ‘கடல் ஓசை’ 90.4 எஃப்எம் கூடக் கரகரக்கிறது.

உப்பு. மண்டபத்தில் ஒரு வீட்டில் இணைப்பைப் பிரித்தேன்: அலுமினியம் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது, செம்புக் கம்பியில் பச்சை பூத்திருந்தது. கேபிளை ஒரு முழம் வெட்டிப் பார்த்தால் உள்ளே வலை கறுத்துக் கிடந்தது, தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. குழாயைத் துடைத்துப் பயனில்லை, கேபிளையே மாற்றுங்கள். பரணுக்கு நான் வக்காலத்து வாங்குவது இதனால்தான்: சிக்னல் கொஞ்சம் குறைந்தாலும் உப்பு அவ்வளவாக அண்டாது.

ஏர்வாடி: பூஸ்டர் போட்டேன், இரைச்சலும் சேர்ந்து கூடிவிட்டது அண்ணே.

கூடத்தானே செய்யும்! வந்ததை அப்படியே பெருக்குவதுதான் அதன் வேலை. முதலில் பேட்டரியில் ரேடியோவைப் பாடவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயேதான், எல்இடி பல்பு மாதிரி ஏதாவது ஒன்று.

ராமேஸ்வரம்: கோடைகால மாலைகளில் கோடை எஃப்எம் இருக்கும் இடத்தில் இலங்கை நிலையம் வந்து உட்கார்ந்துகொள்கிறதே அண்ணே?

குளிர்ந்த கடல்காற்றின் மேல் சூடான காற்று மூடியதுபோல் நிற்கும்போது அலை வளைந்து வெகுதூரம் ஓடிவரும். தனுஷ்கோடிக்குத் தலைமன்னாரே சுமார் 30 கி.மீ.தான். எஃப்எம்மில் இரண்டும் கலக்காது தங்கச்சி, பலமானது மற்றதை விழுங்கிவிடும். குழாய்க்கு 60 செ.மீ. பின்னால், கிழக்குப் பக்கமாக, ஒன்றரை மீட்டர் முழுக்குழாய் ஒன்றை இணையாகப் பூட்டுங்கள், கேபிள் இணைக்காமல். இலங்கைப் பக்கச் சிக்னல் குறையும். (எனக்கென்னவோ அந்த மாலைகளில் இலங்கைத் தமிழைக் கேட்கத்தான் ஆசை.)

தொண்டி: கூரையில் பழைய டிவி ஆன்டெனா நிற்கிறது. தூர்தர்ஷன் எடுக்குமா?

ராமேஸ்வரத்து 323 மீட்டர் கோபுரத்தைப் பார்த்து நிறுத்தியதாக இருக்கும். அந்த அனலாக் ஒளிபரப்பு நின்றுபோனது. இப்போது டிடி ஃப்ரீ டிஷ்தான், மாதக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தக் கிண்ணத்தைப் பரணில் வைத்துவிடாதீர்கள், அதற்கு வானம் தெரியணும். பழைய குழாய்களைக் கழற்றி மேலே சொன்ன அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.