லைன் போட்டவர் வைத்த பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் தம்பி. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநகரில் இருக்கிறேன். கேபிள்காரர் மூலமாக ஃபைபர் கனெக்ஷன் போட்டிருக்கிறோம். பேத்தியின் லேப்டாப், என் போன், டிவி எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. வை-ஃபை பாஸ்வேர்ட் என் செல் நம்பர்தான். மறக்காமல் இருக்கட்டும் என்று லைன் போட வந்த பையன் அப்படி வைத்துக் கொடுத்தார். இப்போது ராத்திரியானால் ரொம்ப மெதுவாகிவிடுகிறது. யாரோ திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கடையில் கேட்டால் புது ரூட்டர், ஆன்டிவைரஸ் இரண்டும் சேர்த்து 6,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அம்மா, இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டுப் பிரச்சினை அந்தப் பாஸ்வேர்டில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு 6,000 ரூபாய்க்குப் புது ரூட்டர் வாங்கி, அதிலும் அதே செல் நம்பரைப் போட்டால் காசு போனதுதான் மிச்சம்.

செல் நம்பர் ஏன் ஆகாது என்றால், முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், தெருவில் பாதிப் பேரிடம் உங்கள் நம்பர் இருக்கும். இரண்டாவது காரணத்தை யாரும் சொல்வதில்லை. உங்கள் போனோ லேப்டாப்போ ரூட்டரோடு சேரும் ஒவ்வொரு முறையும் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன அறிமுகப் பேச்சு காற்றில் நடக்கிறது. பாஸ்வேர்ட் அதில் நேராகப் போகாது, ஆனால் ஊகித்த பாஸ்வேர்ட் சரியா தப்பா என்று பார்த்துக்கொள்ளப் போதுமான விவரம் இருக்கும். சிக்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறவர் அதை ஒருமுறை பிடித்துக்கொண்டு போனால் போதும், அப்புறம் அவர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம், உங்கள் ரூட்டருக்கு எதுவும் தெரியாது. நம் ஊர் செல் நம்பர் 6, 7, 8, 9 என்ற நான்கு இலக்கங்களில் ஒன்றில்தான் தொடங்கும், ஆக மொத்தம் 400 கோடி எண்கள். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் கேம் விளையாட வாங்குகிற கிராபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதித்துவிடும். சில மணி நேர வேலை, அவ்வளவுதான்.

அதனால் இன்று சாயந்திரம் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரைத் திருப்பினால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 192.168.1.1 அல்லது அது மாதிரி ஒரு எண்ணும், உள்ளே நுழைய ஒரு பெயரும் பாஸ்வேர்டும் அதில் அச்சடித்திருப்பார்கள். வை-ஃபையில் சேர்ந்திருக்கும் லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து அந்த எண்ணை அடித்தால் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கம் வரும். இங்கே பலரும் குழம்புவார்கள்: வை-ஃபை பாஸ்வேர்ட் வேறு, இந்தப் பக்கத்துக்குள் நுழைகிற அட்மின் பாஸ்வேர்ட் வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும். ஒரே மாதிரி வைக்கவும் கூடாது, ஏனென்றால் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வை-ஃபை பாஸ்வேர்ட் கொடுத்தால் ரூட்டர் சாவியையே கொடுத்த மாதிரி ஆகிவிடும். உங்கள் கேபிள்காரர் அந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருந்தால் கூப்பிட்டு மாற்றித் தரச் சொல்லுங்கள், நீங்கள் மாதாமாதம் பணம் கட்டுகிற வாடிக்கையாளர், தயங்கவே வேண்டாம். ஜியோ, ஏர்டெல் வைத்திருப்பவர்கள் அவர்களுடைய ஆப்பிலேயே வை-ஃபை பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம்.

புது பாஸ்வேர்ட் நீளமாக இருக்கட்டும். 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை வைக்கலாம். மீனாட்சி123, மதுரை625 மாதிரி எல்லாம் வேண்டாம், ஊர்ப்பெயர், சாமி பெயர், பின்கோடு எல்லாம் ஊகிக்கிறவன் முதலில் போட்டுப் பார்க்கிற சொற்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். தாலுகா, நூல்கண்டு, கொடுக்காப்புளி, ஜமுக்காளம் என்கிற மாதிரி (இதையே வைத்துவிடாதீர்கள்). இருபத்தைந்து எழுத்துக்கு மேல் வந்துவிடும், நினைவிலும் நிற்கும், காகிதத்தில் எழுதிப் பீரோவில் வைத்தாலும் தப்பில்லை.

அதே பக்கத்தில் செக்யூரிட்டி என்ற இடத்தைப் பாருங்கள், வை-ஃபையைப் பூட்டுகிற முறையின் பெயர் அங்கே இருக்கும். டபிள்யூஇபி என்று இருந்தால் உடனே மாற்றுங்கள், 1997-ல் வந்த அந்த முறையை 2001-லேயே உடைத்துவிட்டார்கள். டபிள்யூபிஏ2 என்பது 2004-ல் வந்தது, நல்ல பாஸ்வேர்ட் இருந்தால் இன்றைக்கும் வீட்டுக்குத் தாங்கும். 2018-ல் வந்த டபிள்யூபிஏ3 இருந்தால் இன்னும் நல்லது, மேலே சொன்னேனே, பிடித்துக்கொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து உடைப்பது, அதற்கு அதில் வழி இல்லை. பழைய போன் ஏதாவது சேராமல் அடம்பிடித்தால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு முக்கியமான விஷயம், டபிள்யூபிஏ2 பக்கத்தில் டிகேஐபி, ஏஇஎஸ் என்று இரண்டு பூட்டு வகைகளில் எது என்று கேட்டால் ஏஇஎஸ் மட்டும் வையுங்கள். டிகேஐபி பழையது, பாதுகாப்புக் குறைவு, அதோடு அதில் வை-ஃபை வேகம் 54 எம்பிபிஎஸ்-ஐத் தாண்டாது. 100 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு இந்த ஒரு செட்டிங்கால் பாதி வேகம்கூடக் கிடைக்காமல் இருப்பவர்கள் உண்டு.

டபிள்யூபிஎஸ் என்று ஒரு வசதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கப் பின் நம்பரை வைத்து பாஸ்வேர்ட் இல்லாமலே சேர்கிற வழி அது. அந்த எட்டை ரூட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்குப் போட்டு வருவது, அதனால் 11,000 முறை முயன்றால் கண்டிப்பாகத் திறந்துவிடும் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள். வாசல் கதவுக்கு நல்ல பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைச் சாத்தாமல் விட்ட கதைதான். வை-ஃபை பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், தேடுகிறவனுக்கு அது நொடியில் தெரிந்துவிடும்.

பாஸ்வேர்டை மாற்றியதும் வீட்டில் எல்லாமே துண்டிக்கப்படும். டிவி, போன், பிரிண்டர் ஒவ்வொன்றிலும் புதிதாகப் போட வேண்டும், அதனால் பேத்திக்கு ஆன்லைன் வகுப்பு இல்லாத நேரமாகப் பாருங்கள். அதன் பிறகும் ராத்திரி மெதுவாகவே இருந்தால் திருட்டு காரணம் இல்லை. லேப்டாப்பை ரூட்டரோடு லேன் கேபிளில் நேராக இணைத்து வேகத்தைச் சோதியுங்கள், கேபிளிலும் மெதுவாக இருந்தால் கேபிள்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆன்டிவைரஸ் பற்றிக் கேட்டீர்கள். விண்டோஸ் 11-ல் கூடவே வருகிற டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குப் போதும் என்பது என் கருத்து. லேப்டாப்பில் வை-ஃபையின் பிராப்பர்ட்டீஸ் பக்கத்துக்குப் போனால் பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு இருக்கும். வீட்டிலும் பப்ளிக்கே வைக்கலாம், அப்போது அதே வை-ஃபையில் இருக்கும் மற்ற கருவிகளின் கண்ணில் லேப்டாப் படாது. லேப்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு ஃபைல் அனுப்புகிற வேலை இருந்தால் மட்டும் பிரைவேட்.

கேள்வி: அண்ணே, டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குனேன். வீட்டு வை-ஃபை ரெண்டு பேருல வருது, போன்ல ரெண்டும் தெரியுது, லேப்டாப்ல ஒண்ணுதான் தெரியுது. கடைக்காரர் ரூட்டர் கோளாறுங்கிறார். உண்மையா? – செல்லூர் வாசகர்

பதில்: ரூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. இரண்டு பெயரில் வருகிறது என்றால் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பழைய லேப்டாப்புகள் பலவற்றில் 2.4 மட்டும்தான் கிடைக்கும், அந்த அலை அதிகத் தூரம் போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் திணறும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற சின்ன யுஎஸ்பி வை-ஃபை அடாப்டர் ஒன்றைச் செருகினால் சரியாகிவிடும். வாங்கும்போது அட்டையில் டூயல் பேண்ட், அதாவது இரண்டு அலைவரிசையிலும் வேலை செய்யும் என்று இருக்கிறதா பாருங்கள், 150, 300 எம்பிபிஎஸ் என்று போட்ட மிக மலிவான அடாப்டர்கள் பெரும்பாலும் 2.4 மட்டும்தான், அதை வாங்கினால் அதே கதை தொடரும்.

எனக்கு அதைவிடக் கவலை, அதில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்பது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் முடிந்துவிட்டது. அப்டேட் வை-ஃபைக்கு எதற்கு என்று நினைக்கலாம். 2017-ல் டபிள்யூபிஏ2 முறையிலேயே கிராக் என்ற ஓட்டையைக் கண்டுபிடித்தபோது பாஸ்வேர்டை மாற்றி எந்தப் பயனும் இல்லை, கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் வந்த அப்டேட்தான் அதை அடைத்தது. நாளைக்கு இன்னொரு ஓட்டை வந்தால் அப்டேட் நின்றுபோன லேப்டாப்புக்கு அடைப்பு கிடைக்காது. அந்த லேப்டாப் விண்டோஸ் 11-ஐத் தாங்காவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுங்கள், இலவசம். அரசு கொடுத்த பழைய லேப்டாப்பைப் பரணில் போட்டு வைத்திருப்பவர்களும் இதை முயன்று பார்க்கலாம்.

கடைக்காரர் டூயல் பேண்ட் என்று பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லியிருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள், பழைய பொருள் என்றாலும் பொய் சொல்லி விற்கக் கூடாது. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், அதற்கும் மசியாவிட்டால் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் கஷ்டம்தான்.

கேள்வி: உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்து படிக்கிறேன். ரயில்வே ஸ்டேஷன், காபி கடை என்று கிடைக்கிற இலவச வை-ஃபையில் லேப்டாப்பைப் போடுவேன். பேங்க் வேலை பார்க்கலாமா?

பதில்: படிக்க, வீடியோ பார்க்க தாராளமாகப் போடுங்கள். பணம் சம்பந்தப்பட்டதை உங்கள் போன் டேட்டாவில் பாருங்கள், லேப்டாப்பில்தான் வேண்டும் என்றால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளுங்கள், அதிலும் பாஸ்வேர்ட் உங்கள் பெயராக இருக்க வேண்டாம். பேங்க் தளங்கள் எல்லாம் பூட்டுப் போட்ட இணைப்பில்தான் வருகின்றன, அதனால் நடுவில் உட்கார்ந்து படிப்பது முன்பு மாதிரி சுலபமில்லை. ஆனால் இந்தத் தளத்தின் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் எச்சரித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், பரவாயில்லை என்று மேலே போகவே கூடாது.

ஸ்டேஷன் வை-ஃபை உங்கள் செல் நம்பரையும் ஓடிபியையும்தான் கேட்கும், முதல் அரை மணி நேரம் இலவசம். ஜிமெயில் பாஸ்வேர்ட், ஏடிஎம் கார்டு நம்பர் என்று கேட்டால் யாரோ அதே பெயரில் போலி வலை விரித்திருக்கிறார்கள். பாஸ்வேர்ட் இல்லாத வை-ஃபைக்கு அடையாளம் அதன் பெயர் மட்டும்தான், அந்தப் பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை சேர்ந்த லேப்டாப் அடுத்த முறை அதே பெயரைப் பார்த்ததும் கேட்காமலே போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் தானாகச் சேர்வதற்கான டிக்கை எடுத்துவிடுங்கள், கிளம்பும்போது அந்தப் பெயரை ஃபர்கெட் கொடுத்து அழித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு நிற்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கேள்வி: மேலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட் எடுக்க வருபவர்களுக்காக வை-ஃபையைப் பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்தே வைத்திருக்கிறேன். தொழிலுக்கு நல்லதாக இருக்கிறது. இதில் ஏதும் சிக்கல் உண்டா?

பதில்: உண்டு, இன்றைக்கே மூடிவிடுங்கள். 2008-ல் அகமதாபாத் குண்டுவெடிப்பு சமயத்தில் வந்த மிரட்டல் மெயில், நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கர் வீட்டு வை-ஃபை வழியாகப் போயிருந்தது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, திறந்து கிடந்த இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள், ஆனாலும் போலீஸ் முதலில் வந்து நின்றது அவர் வீட்டு வாசலில்தான். உங்கள் இணைப்பில் என்ன நடந்தாலும் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

தொழிலும் கெடக் கூடாது என்றால் ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று தனியாக ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். வாடிக்கையாளர்கள் அதில் இருக்கட்டும், பில் போடுகிற கம்ப்யூட்டரும் பிரிண்டரும் உங்கள் பாஸ்வேர்டோடு தனியாக இருக்கட்டும். ஆதார் நகல், மதிப்பெண் பட்டியல் என்று ஊர்க்காரர்களின் காகிதமெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தானே கிடக்கிறது, அது உங்கள் பொறுப்பு. கெஸ்ட் பாஸ்வேர்டை வாரம் ஒருமுறை மாற்றி, கேட்பவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள், சுவரில் ஒட்ட வேண்டாம். முறையாகப் பொது வை-ஃபையே நடத்த ஆசை என்றால் 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பிஎம்-வானி திட்டம் இருக்கிறது. சின்னக் கடைகளும் லைசென்ஸோ கட்டணமோ இல்லாமல் அதில் சேரலாம். யார் உள்ளே வருகிறார்கள் என்று சரிபார்ப்பது, கணக்கு வைப்பது எல்லாவற்றையும் அந்தத் திட்டத்தில் பதிவுசெய்த ஒருங்கிணைப்பு நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.